பென் டிரைவில் பதுங்கி வரும் வைரஸ்! கடைக்குள் விடாமல் திறந்து பார்ப்பது எப்படி?

சென்னை,

"முன்பின் தெரியாதவர் அனுப்பும் பைலைத் திறக்காதீர்கள்" என்று போலீசார் எச்சரிக்கிறார்கள். பேங்குகளும் இதையே சொல்கின்றன.

நல்ல புத்திமதிதான். ஆனால் முன்பின் தெரியாதவர் கொண்டு வரும் பைலைத் திறப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடைக்காரர், பாரிமுனையில் ஐகோர்ட்டு பக்கம் டைப்பிங் சென்டர் வைத்திருப்பவர், பத்திரம் எழுதுபவர், ஆடிட்டர் ஆபீஸ் கணக்குப்பிள்ளை, வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனியின் மானேஜர்... இவர்கள் எல்லோருக்கும் வாடிக்கையாளர் என்றாலே முன்பின் தெரியாதவர்தான். "உங்க பைல் வேண்டாம், போய்ட்டு வாங்க" என்று சொன்னால் மாலையில் கடையை மூட வேண்டியதுதான்.

இவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. செலவு, சில நூறு ரூபாய் பென் டிரைவ் ஒன்று. அல்லது மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று.

அதன் விவரம் வருமாறு:–

ரெண்டே ரெண்டு காப்பி!

காலை 9 மணி. கல்லூரி மாணவர் ஒருவர் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி வருகிறார்.

"அண்ணே, ப்ராஜெக்ட் ரிப்போர்ட். ரெண்டே ரெண்டு காப்பி. பத்து மணிக்குள்ள குடுக்கணும்ணே!"

கடைக்காரர் பென் டிரைவை வாங்கிச் செருகுகிறார். உள்ளே மாணவரின் போல்டர் தெரிகிறது. அதன் மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி. அவசரத்தில் அதை யார் கவனிக்கிறார்கள்? மவுசை இரண்டு தட்டு தட்டுகிறார். போல்டர் திறக்கிறது. காப்பி எடுத்தாகிவிட்டது. மாணவர் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வைரஸ் மட்டும் போகவில்லை!

கடைகளில் "ஷார்ட்கட் வைரஸ்" என்று சொல்கிறார்களே, அதன் வேலை இதுதான். உண்மையான போல்டரை அது மறைத்துவிடும். அதே பெயரில் ஒரு போலியை முன்னால் வைக்கும். போலியைத் தட்டியதும் முதலில் வைரஸ் ஓடும். பிறகு, மறைத்து வைத்த உண்மையான போல்டரையும் அதுவே திறந்து காட்டும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் செருகப்படும் பென் டிரைவுகளில் எல்லாம் வைரஸ் ஏறிக்கொள்ளும். கடைக்காரர் தன்னை அறியாமலே ஊருக்கு வைரஸ் சப்ளை செய்கிறார்!

கடைக்காரரின் ஜி.எஸ்.டி. கணக்கும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. பேங்கு வேலையும் அதில்தான். "அப்புறம் அழிச்சுக்கலாம்" என்று விட்டுவைத்த வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், பான் கார்டு நகல், சொத்துப் பத்திரம் எல்லாம் டெஸ்க்டாப்பில் கிடக்கின்றன. வந்தது திருட்டு வைரசாக இருந்தால் அத்தனையும் போகும். பூட்டுப் போட்டுவிட்டுப் பணம் கேட்கும் ரகமாக இருந்தால், பல வருடக் கணக்கு ஒரே ராத்திரியில் முடங்கும்.

லாகூரில் பிறந்தது

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. பெர்சனல் கம்ப்யூட்டரைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் "பிரெய்ன்" 1986-ம் ஆண்டு பாகிஸ்தானின் லாகூர் நகரில் பிறந்தது. அண்ணன், தம்பி இருவர் எழுதியது. அது பிளாப்பி டிஸ்க்கில் ஏறி ஊர் ஊராகப் போனது.

2000-ம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டில் இருந்து ஒரு "காதல் கடிதம்" கிளம்பியது. "ஐ லவ் யூ" என்ற தலைப்பில் இமெயில் வரும். கூடவே ஒரு பைல். பெயரைப் பார்த்தால் சாதாரணக் கடிதம் மாதிரி "டி.எக்ஸ்.டி." என்று முடியும். ஆனால் அதற்குப் பின்னால் "வி.பி.எஸ்." என்று இன்னொரு வால் இருந்தது. அதுதான் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடும் புரோகிராம்.

விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துவிடும். ஆகவே பார்த்தவர்களுக்குக் கடிதமாகவே தெரிந்தது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் விழுந்தன.

வேடிக்கை என்னவென்றால், பைல் பெயரின் வாலை மறைக்கும் அந்தப் பழக்கத்தை விண்டோஸ் இன்னும் விடவில்லை. "பில்.பி.டி.எப்." என்று கண்ணுக்குத் தெரிவது, உள்ளே "பில்.பி.டி.எப்.இ.எக்ஸ்.இ." ஆக இருக்கலாம். ஆகவே முதல் வேலையாக, பைல் பெயரின் வாலைக் காட்டும்படி விண்டோசில் மாற்றி வையுங்கள். காசு செலவில்லை. ஒரு நிமிட வேலை.

ஆஸ்பத்திரியும் தப்பவில்லை

2017-ம் ஆண்டு மே 12-ந் தேதி "வான்னாகிரை" என்ற வைரஸ் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை முடக்கிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் பக்கத்தில் திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின.

2022-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன. ஓ.பி. சீட்டு முதல் ரிப்போர்ட் வரை எல்லாவற்றையும் பல நாட்கள் கையால் எழுதினார்கள். நாட்டின் முதல் தர ஆஸ்பத்திரிக்கே இந்த கதி!

இவ்வளவு பெரிய இடங்களே தப்பவில்லை என்றால், ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர் எப்படித் தப்புவார்? பதில் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

கூடங்குளம் சொல்லும் பாடம்

2019-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில் ஒரு பரபரப்புச் செய்தி. கூடங்குளம் அணுமின் நிலைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று தகவல் பரவியது. நிலையத் தரப்பில் முதலில் மறுத்தார்கள். மறுநாள், அக்டோபர் 30-ந் தேதி, இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது.

நிர்வாக வேலைக்கான, இண்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் ஒருவரின் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது. செப்டம்பர் 4-ந் தேதியே மத்திய அரசின் "செர்ட்-இன்" அமைப்பு எச்சரித்திருந்தது. ஆனால் அணு உலையை இயக்கும் நெட்வொர்க் தனி. இரண்டுக்கும் இணைப்பு இல்லை. ஆகவே உலைக்கு ஆபத்து ஏற்படவில்லை என்று கழகம் அறிவித்தது.

கவனியுங்கள். வைரஸ் உள்ளே வரத்தான் செய்தது. ஆனால் வந்த இடம் வேறு, காப்பாற்ற வேண்டிய இடம் வேறு. நடுவில் பாதை கிடையாது.

இதுதான் முழு ரகசியம். கெட்டவன் வரவே மாட்டான் என்று நம்பக்கூடாது. வந்தாலும் பீரோ இருக்கும் அறைக்கு வழி இருக்கக்கூடாது!

பாலமாகிப் போன பென் டிரைவ்

இதற்கு நேர்மாறான கதை ஈரானில் நடந்தது. அங்கே நடான்ஸ் என்ற ஊரில் யுரேனியம் செறிவூட்டும் நிலையம் இருக்கிறது. அதன் கம்ப்யூட்டர்களுக்கு இண்டர்நெட் தொடர்பே இல்லை. அப்படியும் "ஸ்டக்ஸ்நெட்" என்ற வைரஸ் உள்ளே போய்விட்டது. அது 2010-ம் ஆண்டு வெளியே தெரிய வந்தது. நூற்றுக்கணக்கான எந்திரங்கள் கெட்டுப்போயின.

இந்த வைரஸ் பென் டிரைவ் மூலமாகவும் பரவக்கூடியது. கம்பி இல்லாத இடத்தில் பென் டிரைவ் பாலமாகிவிட்டது.

இன்னொரு திடுக்கிடும் விஷயம். அந்த வைரசைத் திறக்கவே தேவையில்லை! பென் டிரைவைச் செருகி, அதற்குள் இருக்கும் படக்குறிகள் விண்டோஸ் திரையில் தெரிந்தாலே போதும், வைரஸ் புகுந்துவிடும். மைக்ரோசாப்ட் கம்பெனி 2010-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த ஓட்டையை அடைத்தது.

"நான் எதையும் கிளிக் பண்ணலியே சார்!" என்று சொல்பவர்கள் உண்மையே சொல்லலாம். கிளிக் பண்ணாமலும் வரும்.

ஆக, தனி அறை வேண்டும். அந்த அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் பாலமும் இருக்கக்கூடாது. இந்த இரண்டையும் சின்னக் கடையில் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி.

திண்ணையில் உட்காருங்கள்!

அந்தக் காலத்து வீடுகளில் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் வந்தால் திண்ணையில் உட்கார வைப்பார்கள். தண்ணீர் கொடுத்து, "எந்த ஊரு, என்ன விஷயம்?" என்று விசாரிப்பார்கள். நேரே கூடத்துக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். அவமரியாதை என்று யாரும் நினைத்ததில்லை.

கம்ப்யூட்டருக்கும் ஒரு திண்ணை கட்டலாம். இரண்டு வகைத் திண்ணை இருக்கிறது. ஒன்று லினக்ஸ். இன்னொன்று "விர்ச்சுவல் மெஷின்" என்னும் மாயக் கம்ப்யூட்டர்.

பென் டிரைவில் வரும் பைலுக்கு லினக்ஸ் நல்லது. இமெயிலில் வரும் பைலுக்கு மாயக் கம்ப்யூட்டர் வசதி. காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

முதல் திண்ணை: லினக்ஸ்

விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இன்னொரு சாப்ட்வேர், லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டு தொடங்கி வைத்தது. உபுண்டு, மின்ட் என்று பல பெயர்களில் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய "பாஸ்" என்பதும் லினக்ஸ்தான். தமிழக அரசு 2011-ம் ஆண்டு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோசுடன் இதையும் போட்டுக் கொடுத்தார்கள்.

இதில் என்ன லாபம்? பென் டிரைவில் வரும் வைரஸ்களில் பெரும்பாலானவை விண்டோசுக்காக எழுதப்பட்டவை. அவை லினக்சில் ஓடாது. தமிழ் தெரியாதவரிடம் தமிழில் திட்டினால் எப்படியோ, அப்படி!

மேலும், விண்டோசில் மறைந்து கிடக்கும் போல்டர்கள் லினக்சில் பளிச்சென்று தெரியும். ஷார்ட்கட் வைரஸ் ஒளித்து வைத்த உண்மையான ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் கண்ணில் படும். "எல்லாம் போச்சே" என்று அழும் மாணவருக்குப் பைலை மீட்டுக் கொடுக்கலாம்.

செய்வது எப்படி?

8 ஜி.பி. அல்லது 16 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று வாங்குங்கள். மின்ட் அல்லது உபுண்டுவின் சொந்த வெப்சைட்டில் இருந்து லினக்சை இறக்குங்கள். வேறு எங்கிருந்தும் இறக்க வேண்டாம். "ரூபஸ்" அல்லது "எட்சர்" என்ற இலவச சாப்ட்வேர் மூலம் அதை பென் டிரைவில் ஏற்றுங்கள். அந்த பென் டிரைவில் ஏற்கனவே இருந்தது எல்லாம் அழிந்துவிடும். அதனால் புதிதாகவே வாங்குவது நல்லது.

கம்ப்யூட்டரை அணைத்து, இந்த பென் டிரைவைச் செருகி, மறுபடி ஆன் செய்யுங்கள். ஆன் ஆகும்போதே எப்-12, எப்-9, எஸ்கேப் என்று கம்பெனிக்குத் தகுந்த பட்டனை அழுத்தினால், எதில் இருந்து தொடங்குவது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் தூங்கிக்கொண்டு இருக்கும். லினக்ஸ் எழுந்து வரும்.

இப்போது வாடிக்கையாளரின் பென் டிரைவைச் செருகுங்கள். பைலைத் திறந்து பாருங்கள். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். லினக்ஸ் ஓடியது முழுக்க ராம் நினைவகத்தில். கரண்டை நிறுத்தியதும் எல்லாம் மறந்துவிடும். அடுத்த முறை புதுசாகத் தொடங்கும்.

இரண்டு எச்சரிக்கை. திரையில் "இன்ஸ்டால்" என்று ஒரு படம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். ஏதாவது ஏடாகூடமாக அழுத்தினால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கே அழிந்து போகலாம். அதேபோல, உங்கள் விண்டோஸ் டிஸ்க்கும் ஓரத்தில் தெரியும். அதையும் திறக்காதீர்கள். திறந்தால் திண்ணையில் இருந்து கூடத்துக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

பழைய மெஷினுக்கு மறுவாழ்வு

தினமும் நூறு பேர் வரும் கடையில் இப்படி அணைத்து அணைத்து ஆன் செய்ய முடியுமா? முடியாதுதான். அங்கே பழைய கம்ப்யூட்டர் கை கொடுக்கும்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றன. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மெஷின்கள் பல கடைகளில் சும்மா கிடக்கின்றன. காயலான் கடைக்குப் போடாதீர்கள். 4 ஜி.பி. ராம் இருந்தால் லினக்ஸ் ஓடும்.

அந்த மெஷினைக் கடையின் முன் மேஜையில் வையுங்கள். அதில் கணக்கு வேண்டாம், பேங்கு வேண்டாம், இமெயில் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு லினக்ஸ் பென் டிரைவில் மட்டுமே ஓட்டினால் இன்னும் விசேஷம். பிரிண்டரை அதோடு இணையுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் லினக்சில் வேலை செய்யும். வாங்கும் முன்பு ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் ஒரே ஒரு சட்டம். வாடிக்கையாளரின் பென் டிரைவ் முன் மேஜை மெஷினுக்கு மட்டும். கணக்கு இருக்கும் மெஷினில் அது படவே கூடாது. முதலாளியின் மச்சான் கொண்டு வந்தாலும் கூடாது!

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்டு பைலை லினக்சில் திறந்தால் எழுத்து கொக்கி கொக்கியாக வரலாம். பக்கமும் நகரலாம். ஆகவே "பி.டி.எப். ஆக்கிக் கொண்டு வாருங்கள்" என்று வாசலில் ஒரு போர்டு வையுங்கள். பாதித் தகராறு அதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது திண்ணை: மாயக் கம்ப்யூட்டர்

ஆடிட்டர் ஆபீசுக்கும், வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிக்கும் பைல் வருவது பெரும்பாலும் இமெயிலில். அவர்களுக்கு இந்த வழி.

உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஜன்னல். அதற்குள் இன்னொரு முழுக் கம்ப்யூட்டர். அதற்குத் தனி டிஸ்க், தனி ராம், தனி ஸ்கிரீன். எல்லாமே சாப்ட்வேரால் ஆன மாயம். உள்ளே இருப்பவன், தான் ஒரு நிஜக் கம்ப்யூட்டரில் இருப்பதாகவே நினைப்பான். நாம் வெளியே இருந்து வேடிக்கை பார்க்கலாம்.

"விர்ச்சுவல் பாக்ஸ்" என்ற சாப்ட்வேர் இதற்கு இலவசம். ஆரக்கிள் கம்பெனி வெளியிடுவது. 8 ஜி.பி. ராம் இருந்தால் தாராளமாக ஓடும். உள்ளே லினக்சையே போடுங்கள். வெளியே விண்டோஸ், உள்ளே லினக்ஸ் என்று இரண்டும் வேறு வேறாக இருந்தால் வைரசுக்கு இரட்டைத் தலைவலி.

போட்டு முடித்ததும், எந்த பைலையும் திறப்பதற்கு முன்பே, "ஸ்னாப்ஷாட்" எடுத்து வையுங்கள். அது ஒரு போட்டோ மாதிரி. பிறகு உள்ளே வீடே தீப்பற்றி எரிந்தாலும் கவலை இல்லை. ஒரு பட்டனை அழுத்தினால் போட்டோவில் இருந்த பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். 2019-ம் ஆண்டு முதல் "விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்" என்று ஒன்று அதிலேயே இருக்கிறது. ஆன் செய்துகொள்ள வேண்டும். ஜன்னலை மூடினால் உள்ளே இருந்தது எல்லாம் அழிந்துவிடும். ஹோம் வகையில் இது கிடையாது. ஆனால் சாண்ட்பாக்சில் இண்டர்நெட் சும்மா இருந்தாலே இணைந்திருக்கும். அதையும் விண்டோசின் உத்தியே உள்ளே ஓடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

பாலத்தை இடியுங்கள்!

மாயக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பலர் ஏமாறும் இடம் இதுதான். உள்ளுக்கும் வெளிக்கும் வசதியாக இருக்கட்டும் என்று பொதுவான போல்டர், பொதுவான காப்பி-பேஸ்ட் எல்லாம் வைத்திருப்பார்கள். நடான்ஸ் நிலையத்தின் பென் டிரைவ் மாதிரி அதுவே பாலம்!

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். இமெயிலில் வந்த பைலைத் திறக்காமல் சேமியுங்கள். பொதுப் போல்டரைப் "படிக்க மட்டும்" என்று வைத்து, அதன் வழியாகப் பைலை மாயக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புங்கள். பைல் உள்ளே போனதும் பொதுப் போல்டரை எடுத்துவிடுங்கள். காப்பி-பேஸ்ட்டை நிறுத்துங்கள். நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். அதற்குப் பிறகுதான் பைலைத் திறக்க வேண்டும். பார்த்து முடித்ததும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

நெட்வொர்க்கை ஏன் துண்டிக்க வேண்டும்? வான்னாகிரை வைரஸ் பரவியது நெட்வொர்க் வழியாகத்தான். மாயக் கம்ப்யூட்டரில் இருந்து அடுத்த மேஜை நிஜக் கம்ப்யூட்டருக்கும் தாவ முடியும்.

பென் டிரைவுக்கு ஏன் இந்த வழி சரிப்படாது என்று இப்போது புரியும். பென் டிரைவைச் செருகினால், மாயக் கம்ப்யூட்டருக்குப் போவதற்கு முன்பே வெளியே இருக்கும் விண்டோஸ் அதைத் தொட்டுவிட வாய்ப்பு உண்டு. படக்குறி தெரிந்தாலே புகுந்த வைரசை மேலே பார்த்தோமே!

ஒண்ணும் ஆகலியே?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். திண்ணையில் வைத்துப் பைலைத் திறந்தோம், ஒன்றும் நடக்கவில்லை. உடனே "பைல் சுத்தம்பா, ஒண்ணும் ஆகலியே" என்று அதைக் கணக்கு மெஷினுக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. மகா ஆபத்து!

சில வைரஸ்கள் கெட்டிக்காரத் திருடன் மாதிரி. தான் மாயக் கம்ப்யூட்டருக்குள் இருப்பதை மோப்பம் பிடித்துவிடும். போலீஸ் முன்னால் சாதுவாக நிற்கும் ஆள் போல, வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கும். வெளியே எடுத்துப் போனதும் வேலையைக் காட்டும். லினக்சில் ஓடாத வைரசும் செத்துப்போகவில்லை. அதே பைலை விண்டோசுக்குக் கொண்டு போனால் உயிர் பெறும்.

திண்ணை என்பது பார்க்கும் இடம். சோப்பு போட்டுக் குளிப்பாட்டும் இடம் இல்லை. உள்ளே போன பைல் வெளியே வரக்கூடாது. விவரம்தான் வேண்டும் என்றால் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பேப்பரில் பிரிண்ட் எடுக்கலாம். பேப்பரில் வைரஸ் ஏறாது!

பைலே வேண்டும் என்றால் "டேஞ்சர்ஜோன்" என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. அது பைலைத் தனி அறையில் வைத்துத் திறந்து, ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் படமாக மாற்றி, அந்தப் படங்களைக் கோத்துப் புது பி.டி.எப். செய்து தருகிறது. எழுத்து தெரியும். ஒளிந்திருக்கும் புரோகிராம் வராது.

கூண்டும் உடையுமா?

உடையலாம். 2015-ம் ஆண்டு "வெனம்" என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சில மாயக் கம்ப்யூட்டர் சாப்ட்வேர்களில் பழைய பிளாப்பி டிரைவுக்காக எழுதி, யாரும் உபயோகிக்காமல் கிடந்த ஒரு பகுதி. அதன் வழியாக உள்ளே இருப்பவன் வெளியே வர முடியும் என்று தெரிந்தது. உடனே அடைத்தார்கள்.

லினக்சும் தப்பவில்லை. 2024-ம் ஆண்டு மார்ச் மாதம், பல லினக்ஸ்களில் இருக்கும் "எக்ஸ்.இசட்." என்ற சின்ன சாப்ட்வேருக்குள் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தது அம்பலமானது. ஒரு என்ஜினீயர், லாகின் செய்யும்போது அரை விநாடி தாமதமாவது ஏன் என்று தோண்டிப் பார்த்ததில் பிடிபட்டது. பரவலாகப் போவதற்குள் தடுத்தார்கள்.

ஆகவே லினக்சோ விர்ச்சுவல் பாக்சோ, அவ்வப்போது வரும் திருத்தங்களைப் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டை உடைக்க முடியும் என்பதற்காக யாரும் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதில்லை. சின்னக் கடையை நோக்கி வருவது பெரும்பாலும் சாதாரணத் திருடன். அவனுக்கு இந்தப் பூட்டு போதும்.

வாடிக்கையாளர் ரகசியம்

"வைரஸ்டோட்டல்" என்ற வெப்சைட்டும் இருக்கிறது. பைலைப் போட்டால் பல ஆன்டி-வைரஸ்கள் பரிசோதித்துச் சொல்லும். கூகுள் கம்பெனிக்குச் சொந்தமானது. ஆனால் அங்கே போடும் பைல் மற்ற ஆராய்ச்சியாளர்கள் கைக்கும் போகும். வாடிக்கையாளரின் சொத்துப் பத்திரத்தையும் ஆதாரையும் அங்கே போடாதீர்கள். நம்பிக் கொடுத்தவர் சொத்து அது.

செல்போனுக்கு?

செல்போனில் நிலைமை வேறு. வாட்ஸ்அப்பில் "கல்யாணப் பத்திரிகை" என்று ஒரு பைல் வரும். "டிராபிக் அபராதம்" என்று ஒன்று வரும். தட்டினால் "இன்ஸ்டால் செய்யவா?" என்று கேட்கும். பெயரின் கடைசியில் "ஏ.பி.கே." என்று இருக்கும். செய்தால், எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ஓ.டி.பி.யைத் திருடிப் பேங்கு கணக்கைக் காலி செய்துவிடுவார்கள்.

கல்யாணப் பத்திரிகை என்றால் படமாக வரும், அல்லது பி.டி.எப். ஆக வரும். எந்தப் பத்திரிகையும் "என்னை இன்ஸ்டால் பண்ணு" என்று கேட்காது. இதைத் திண்ணையில் வைத்தும் பார்க்க வேண்டாம். அழித்துவிடுங்கள். அனுப்பியது சொந்த மாமாவாக இருந்தாலும் சரி. முதலில் மாட்டியவர் மாமாவாகவே இருக்கலாம்!

மாட்டிக்கொண்டால்?

முதலில் இண்டர்நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைபையை அணையுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் மடக்க அவ்வளவு வாய்ப்பு.

கணக்கின் நகல் ஒன்று தனி டிஸ்க்கில் எப்போதும் இருக்க வேண்டும். நகல் எடுக்கும் நேரம் தவிர அந்த டிஸ்க் கம்ப்யூட்டரில் செருகி இருக்கக்கூடாது. எய்ம்ஸ் ஆஸ்பத்திரியோ எதிர்க் கடையோ, கடைசியில் கை கொடுப்பது இந்த நகல்தான்.

யார் பொறுப்பு?

வைரஸ் வந்ததும் கடைப் பையனையும், டைப் அடிக்கும் பெண்ணையும்தான் முதலாளிகள் திட்டுகிறார்கள். "யார்ரா இதைத் திறந்தது?" என்று சத்தம் போடுகிறார்கள். திறப்பதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்! திறக்க ஒரு பத்திரமான இடம் அமைத்துக் கொடுப்பது முதலாளியின் வேலை.

பொதுமக்கள் பென் டிரைவும் இமெயிலுமாக மனுக் கொடுக்கும் ஆபீஸ்களுக்கும் இது பொருந்தும். மனுதாரர் பைலை வாங்க ஒவ்வொரு இடத்திலும் ஒரு லினக்ஸ் மெஷின் முன்னால் இருந்தால், பின்னால் இருக்கும் மக்களின் ஆவணங்கள் பிழைக்கும். வெளிநாட்டு சாப்ட்வேருக்குக் கோடி கொட்ட வேண்டியதில்லை. சென்னையிலேயே செய்த லினக்ஸ் இருக்கிறது. பழைய மெஷினும் மூலையில் இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு திண்ணை கட்டிய ஊர் இது. கம்ப்யூட்டருக்கும் ஒன்று கட்டிவிட்டால், வந்தவர் யாராக இருந்தாலும் "வாங்க, உட்காருங்க" என்று தைரியமாகச் சொல்லலாம்.